எல்.கே.ஜி. போகும் பிள்ளைக்குத் தண்ணீர் குடிக்கப் பழக்குவது எப்படி?

காலையில் நிரப்பிக் கொடுத்த வாட்டர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறதா? வேனை விட்டு இறங்கியதும் ஷூவைக்கூடக் கழற்றாமல் பிள்ளை பாத்ரூமுக்கு ஓடுகிறதா? இரண்டு நாளைக்கு ஒருமுறை முக்கி முக்கி, அழுதுகொண்டே வெளிக்குப் போகிறதா? மூன்றும் ஒரே கதைதான். என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்த புதிதில் எங்கள் வீட்டிலும் இதுதான் நடந்தது. மலச்சிக்கலில் தொடங்கி நீர்க்கடுப்பு, காய்ச்சல், யூரின் டெஸ்ட், ஆன்டிபயாடிக் என்று அலைந்துதான் ஒரு வழிக்கு வந்தோம். குழந்தை மருத்துவர், வகுப்பு மிஸ், பள்ளி ஆயாம்மா என்று ஆளாளுக்குச் சொல்லிக் கொடுத்ததை வரிசைப்படுத்தி இங்கே எழுதுகிறேன். ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் ஏப்ரல் கடைசியிலேயே தொடங்கிவிடுங்கள். விடுமுறை முழுக்கக் கையில் இருக்கும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். "தண்ணி குடி, தண்ணி குடி" என்று நாள் முழுக்கச் சொல்லிப் பயனில்லை. வீட்டில் ஒழுங்காகக் குடிக்கிற பிள்ளை பள்ளியில் குடிக்கவில்லை என்றால், அதற்குத் தாகம் இருக்கிறது. ஆனால் குடித்தால் ஒன்னுக்கு வரும், வந்தால் அந்தப் பாத்ரூமுக்குப் போகவேண்டும். அந்தப் பயத்தில்தான் வாயைக் கட்டிக்கொள்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பாட்டிலைவிடக் கழிப்பறைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. எவ்வளவு வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஒன்று முதல் மூன்று வயது வரை, பால், மோர், தண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லிட்டர். நான்கு முதல் எட்டு வயது வரை சுமார் 1.2 லிட்டர். ரசம், கஞ்சி, பழம், இட்லி ஆகியவற்றில் இருக்கும் நீர் இதற்கு மேலே தனி. நம் ஊர் வெயிலுக்கும் ஓடியாடுகிற நாளுக்கும் இன்னும் கொஞ்சம் கூடும்.

லிட்டர் கணக்கு வீட்டில் உதவாது. டம்ளர் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளை பிடிக்கிற சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து, மருந்து பாட்டிலோடு வந்த அளவு மூடியால் எவ்வளவு கொள்கிறது என்று அளந்து பாருங்கள். எங்கள் வீட்டு டம்ளர் 100 மில்லி. நான்கு வயதுப் பிள்ளை காலையும் மாலையும் சேர்த்து 400 மில்லி பால் குடித்தால், மீதம் 800 மில்லி. அதாவது எட்டு சின்ன டம்ளர். எட்டு என்றதும் மலைக்க வேண்டாம். வீட்டில் ஐந்து, பள்ளியில் மூன்று என்று பிரித்தால் சுலபம்.

பால் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். பசும்பால் ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சோறு இறங்காது, இரும்புச்சத்து குறையும், மலமும் இறுகும். தண்ணீர் குடிக்காத பிள்ளைகளில் பலருக்குப் பாலே வயிற்றை நிரப்பிக்கொண்டிருக்கும்.

வீட்டில் கைக்குழந்தையும் இருந்தால் கவனம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். கத்திரி வெயிலில்கூடத் தனியாகத் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலிலேயே போதுமான நீர் இருக்கிறது. சீனித் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். பெரியவர்கள் "நாக்கு வறண்டு கிடக்கு, ரெண்டு சொட்டு குடு" என்றால் வாக்குவாதம் செய்யாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த தாய் சேய் நல அட்டையை எடுத்துக் காட்டுங்கள். இது அதிலேயே இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு, கூழும் பருப்புச் சாதமும் தொடங்கும்போது, பாலாடையிலோ டம்ளரிலோ சிறிது சிறிதாக நாளைக்கு 120 முதல் 240 மில்லி வரை போதும்.

இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்கு மருந்து சாப்பிடும் பிள்ளைகளுக்கு இந்த அளவுகள் பொருந்தாது. மருத்துவர் சொல்லும் அளவுதான்.

2. மூன்று நாளைக்கு ஒரு நோட்டு போடுங்கள்

இதற்குச் செலவு பத்து ரூபாய் நோட்டும் பென்சிலும்தான். சனி, ஞாயிறு, திங்கள் என்று தொடர்ந்து மூன்று நாள் எழுதுங்கள். வீட்டில் இருக்கும் நாளும் பள்ளி நாளும் இரண்டும் அதில் வந்துவிடும். எத்தனை மணிக்கு எத்தனை டம்ளர், எத்தனை மணிக்கு ஒன்னுக்கு, என்ன நிறம், வெளிக்குப் போனதா, கட்டியா இளக்கமா. இவ்வளவுதான்.

நிறத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். வெளிர் மஞ்சள் என்றால் நல்லது. காலை எழுந்ததும் போவது கொஞ்சம் அடர்த்தியாகத்தான் இருக்கும், அதை வைத்துப் பயப்பட வேண்டாம். மதியத்துக்கு மேலும் அடர் மஞ்சளாக, வாடையோடு போனால் தண்ணீர் போதவில்லை. சத்து சிரப் குடிக்கிற பிள்ளைக்குப் பளிச்சென்ற மஞ்சள் வரும், பீட்ரூட் சாப்பிட்டால் சிவக்கும். இரண்டும் வேறு கணக்கு. இந்த வயதில் ஒரு நாளைக்கு ஐந்து முதல் ஏழு முறை போவது வழக்கம். சனி ஞாயிறில் ஆறு முறை போன பிள்ளை திங்களன்று மூன்றே முறை போனால், சிக்கல் பள்ளி நேரத்தில்தான் என்று கண்ணுக்கு நேரே தெரிந்துவிடும்.

இந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மிஸ்ஸிடம் பேசும்போதும் மருத்துவரிடம் போகும்போதும் கையில் இருக்க வேண்டியது இதுதான். "சரியா குடிக்க மாட்டேங்குறா டாக்டர்" என்று சொல்வதற்கும், இதைத் திறந்து நீட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

3. பாட்டில் வாங்கும்போது பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போங்கள்

படம் பார்த்து வாங்கக் கூடாது, மூடி பார்த்து வாங்க வேண்டும். கடையிலேயே பிள்ளையின் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். பட்டனை அழுத்தித் திறக்கும் மூடிகளில் பலவற்றுக்குப் பெரியவர்களின் கட்டைவிரல் பலம் வேண்டும். நான்கு வயது விரல் அதில் வழுக்கும். திருகு மூடி என்றால் திறப்பதோடு விடாமல் மூடவும் சொல்லிப் பாருங்கள். கோணலாக மூடி, பை நனைந்து, நோட்டு ஊறி, மிஸ் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மறுநாளிலிருந்து அந்தப் பாட்டிலைப் பிள்ளை தொடாது.

அளவு 400 மில்லி போதும். "ஒரு லிட்டர் பாட்டில் கொடுத்தால் நிறைய குடிப்பாள்" என்று நினைப்பது சகஜம். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. பாட்டிலும் பையும் டிபன் பாக்ஸும் சேர்ந்தால், பதினைந்து கிலோ எடையுள்ள பிள்ளையால் தூக்க முடியாது. தூக்க முடியாத பாட்டிலைச் சாய்த்துக் குடிக்கவும் முடியாது.

எவர்சில்வர் பாட்டில் என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். 250 ரூபாயிலிருந்து 600 ரூபாய்க்குள் நல்லது கிடைக்கும். பிளாஸ்டிக் அதைவிடக் குறைவு, ஆனால் கொதித்த தண்ணீரை ஆறவைக்காமல் அதில் ஊற்றக் கூடாது. ஸ்ட்ரா வைத்த பாட்டில் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், சிந்தாது. ஒரே தொல்லை, உள்ளே கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கத்தி முனையால் மெல்ல நெம்பி எடுத்து ஒருமுறை பாருங்கள், அப்போது புரியும். ஸ்ட்ரா கழுவும் மெல்லிய பிரஷ் தனியாகக் கிடைக்கிறது. தினமும் இரவில் கழுவி, மூடியைத் திறந்தபடி கவிழ்த்து வையுங்கள். அந்த வளையத்தையும் ஸ்ட்ராவையும் தனியாக விற்காத கம்பெனி பாட்டிலை வாங்காதீர்கள். ஒரு ரப்பருக்காக முழுப் பாட்டிலையும் தூக்கிப் போட வேண்டிவரும்.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. "எச்சில் பண்ணாம அண்ணாந்து குடி" என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அண்ணாந்து குடிக்க வாயும் தொண்டையும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். புரை ஏறும், சட்டை நனையும், பிள்ளை வெறுத்துப் போகும். வீட்டில் அதற்கென்று ஒரு டம்ளர், பள்ளியில் அதற்கென்று ஒரு பாட்டில், இரண்டிலும் வாய் வைத்தே குடிக்கட்டும். பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். அண்ணாந்து குடிப்பதைப் பெரிய வகுப்பு போனபிறகு பழகிக்கொள்ளலாம்.

4. கழிப்பறையைச் சரி செய்யுங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

நான்கு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு மருத்துவர்கள் ஒரு சின்னக் கணக்கு வைத்திருக்கிறார்கள். வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்க வேண்டும். நான்கு வயதுக்கு 180 மில்லி வரும். நம் காபி டம்ளர் ஒன்றின் அளவுதான். அதனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போயே ஆகவேண்டும். காலை எட்டு மணிக்கு வேன் ஏறி மதியம் ஒன்றரைக்கு வீடு திரும்பும் பிள்ளை, நடுவில் பள்ளியில் குறைந்தது இரண்டு முறையாவது போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் அடக்குகிறது என்று பொருள். அடக்க அடக்கத் தொற்று வரும். மலத்தையும் சேர்த்து அடக்கினால், இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தி, அது முழுதாகக் காலியாகாமல் தங்கி, தொற்று இன்னும் சுலபமாக வரும்.

சேர்க்கைக்குப் பள்ளியைப் பார்க்கப் போகும்போதே கழிப்பறையையும் பார்க்கக் கேளுங்கள். ஸ்மார்ட் கிளாஸ் காட்டுகிறவர்கள் இதையும் காட்டட்டும். பார்க்க வேண்டியவை இவை: வகுப்பிலிருந்து எவ்வளவு தூரம், வழியில் படி உண்டா, குழாய் பிள்ளைக்கு எட்டுகிறதா, தாழ்ப்பாள் பிள்ளையால் திறக்க வருமா, உள்ளே வெளிச்சம் இருக்கிறதா, கூட வர ஆயாம்மா இருக்கிறாரா. தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பிள்ளையின் அழுகையைக் கேட்ட மற்ற பிள்ளைகளும் பிறகு உள்ளே போகாது. சின்ன வகுப்புகளுக்குக் கதவைச் சாத்தி, ஆயாம்மா வெளியே நிற்பதுதான் நல்லது.

அடுத்தது, எந்த வகைக் கழிப்பறை என்று பாருங்கள். வீட்டில் வெஸ்டர்ன், பள்ளியில் இந்தியன் என்றால் பிள்ளை திகைத்துப்போகும். கீழே இருக்கும் குழியைப் பார்த்தாலே பயம், குந்தினால் சாய்ந்துவிடுவோமோ என்று பயம், ஷூ நனைகிறது என்று கவலை. விடுமுறையில் தாத்தா பாட்டி வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இந்தியன் கழிப்பறை இருந்தால் அங்கே கூட்டிப் போய்ப் பழக்குங்கள். பாதம் எங்கே வைக்க வேண்டும், எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று காட்டுங்கள். வழுக்காத செருப்பு போட்டுக்கொண்டு, பிறகு ஷூவோடும் ஒருமுறை.

உடுப்பு. யூனிஃபார்ம் தைக்கும்போது டெய்லரிடம் "இடுப்புக்கு எலாஸ்டிக் வையுங்க, கொக்கி வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். ரெடிமேடாகக் கொடுக்கும் பள்ளி என்றால், கொக்கியை எடுத்துவிட்டு எலாஸ்டிக் மாற்ற ஐம்பது, நூறு ரூபாய்தான் கேட்பார்கள். பெல்ட் போட்டாக வேண்டும் என்றால், வீட்டில் முழு யூனிஃபார்மும் போட்டு, ஷூ சாக்ஸோடு நிறுத்தி, "இப்போ நீயே பாத்ரூம் போயிட்டு வா பாக்கலாம்" என்று அனுப்பிப் பாருங்கள். பெல்ட்டைக் கழற்றி, டிரவுசரை இறக்கி, முடித்து, கழுவி, மறுபடி மாட்டிக்கொண்டு வர வேண்டும். எந்த இடத்தில் பிள்ளை முழித்துக்கொண்டு நிற்கிறதோ, அந்த இடத்தில்தான் பள்ளியிலும் நிற்கும். எங்கள் வீட்டில் அது பினோஃபோர். பின்பக்க மடிப்பைத் தூக்கி ஒரு கையில் பிடித்துக்கொள்ளத் தெரியவில்லை. நனைந்துவிடுமே என்றுதான் மகள் போகாமலே இருந்திருக்கிறாள். முன்பக்கம் சுருட்டி இடுக்கிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தபிறகு அந்தப் பயம் போனது. பெண் பிள்ளைகளுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவவும் இப்போதே பழக்குங்கள்.

கடைசியாக, கேட்கிற வாய். இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளில் "மே ஐ கோ டு த டாய்லெட், மிஸ்?" என்று கேட்டால்தான் அனுப்புவார்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கின்றன. அந்த வாக்கியம் வாயில் வராத பிள்ளை ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருக்கும். வீட்டில் விளையாட்டாகவே பழக்குங்கள். நீங்கள் மிஸ், பிள்ளை கை தூக்கிக் கேட்கட்டும். அதோடு, "மறந்துபோச்சுன்னா தமிழ்லயே கேளு, 'மிஸ் ஒன்னுக்கு வருது'ன்னு சொல்லு, மிஸ் திட்ட மாட்டாங்க" என்றும் சொல்லிவையுங்கள். அப்படிச் சொன்னபிறகு, மிஸ்ஸிடமும் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

5. பள்ளியில் பேசுங்கள், எழுத்திலும் கொடுங்கள்

சேர்க்கைப் படிவத்தோடு பெரும்பாலும் உடல்நல விவரப் படிவம் ஒன்று தருவார்கள். அலர்ஜி, ரத்த வகை என்று எழுதி முடிக்காமல், "அடிக்கடி மலச்சிக்கல்" அல்லது "சிறுநீர்த் தொற்று வந்திருக்கிறது, கேட்கும்போது உடனே கழிப்பறைக்கு அனுப்பவும்" என்று அதில் எழுதுங்கள். ஏற்கெனவே தொற்று வந்த பிள்ளை என்றால் மருத்துவரிடம் இரண்டு வரி சான்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் இடைவெளி தேவை, கழிப்பறைக்குத் தடை கூடாது என்று லெட்டர்ஹெட்டில் எழுதித் தருவார்கள். வழக்கமான ஆலோசனைக் கட்டணத்துக்கு மேல் இதற்குத் தனியாகக் கேட்க மாட்டார்கள். ஒரு நகலை மிஸ்ஸிடம், ஒரு நகலை ஆபீஸில் கொடுங்கள். டைரியிலும் ஒட்டிவிடுங்கள். நடுவருடத்தில் மிஸ் மாறினாலும் டைரி பேசும்.

"வாட்டர் பெல்" பற்றியும் கேளுங்கள். தண்ணீர் குடிக்கவென்றே மணி அடிப்பதைக் கேரளப் பள்ளிகளில் 2019இல் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டிலும் 2025இல் காலை 11, பகல் 1, பிற்பகல் 3 மணி என்று பள்ளிகளில் இதைத் தொடங்கினார்கள். உங்கள் பள்ளியில் நடக்கிறதா, கே.ஜி. வகுப்புக்கும் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் பெற்றோர் கூட்டத்தில் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் மறுக்க மாட்டார்கள். தனியாக ஒரு பிள்ளைக்கு நினைவுபடுத்துவது மிஸ்ஸுக்குச் சிரமம். முப்பது பிள்ளைகளும் ஒன்றாகக் குடித்தால் உங்கள் பிள்ளையும் குடித்துவிடும்.

மிஸ்ஸைப் பார்த்ததோடு நிறுத்தாமல் ஆயாம்மாவையும் பாருங்கள். உண்மையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறவர் அவர்தான். முதல் நாளே பெயர் கேட்டு, பிள்ளையை அவரிடம் அறிமுகப்படுத்தி, "அக்கா, கேக்க வெக்கப்படுவா, இன்டர்வல்ல நீங்களே ஒருவாட்டி கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான்.

6. நேரம் வகுத்துக்கொள்ளுங்கள்

எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், பல் தேய்த்தபிறகு பால். வேன் வருவதற்கு அரை மணி முன்பாக இன்னும் அரை டம்ளர், ஏறுவதற்கு முன் பாத்ரூம். தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்கும்போது அவசரமாகக் கொடுக்காதீர்கள். நாற்பது நிமிடம் ஊர் சுற்றுகிற வேனில் அடக்க முடியாமல் ஒருமுறை நனைந்துவிட்டால், காலையில் தண்ணீரைக் கண்டாலே பிள்ளை மறுக்கும்.

பள்ளியில் ஸ்நாக்ஸ் நேரத்தில் கொஞ்சம், சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம், வேன் ஏறும் முன் பாத்ரூம். வீட்டுக்கு வந்ததும் பெரிய வாய்ப்பு. நல்ல தாகத்தோடு வரும், அப்போது முதலில் தண்ணீர், கால் மணி கழித்துப் பால். இந்த வரிசை மாறினால் தண்ணீர் உள்ளே போகாது. விளையாடப் போகும் முன் அரை டம்ளர், வந்ததும் ஒரு டம்ளர். இரவு ஏழு மணிக்கு மேல் சாப்பாட்டோடு ஓரிரு வாய் போதும்.

இரவில் படுக்கை நனைகிறது என்று பகல் தண்ணீரைக் குறைக்காதீர்கள். ஐந்து வயது வரை படுக்கை நனைவது இயல்பு. பகலில் நிறைய, இரவில் குறைய என்று மாற்றினாலே போதும்.

ஒரே மூச்சில் அரை லிட்டர், முக்கால் லிட்டர் என்று குடிக்கவைப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து வாந்தி, மயக்கம் வரலாம். காலி பாட்டிலுக்குப் பரிசு, நிரம்பிய பாட்டிலுக்குத் திட்டு என்றும் வைக்காதீர்கள். பிள்ளை வாஷ் பேசினில் கொட்டிவிட்டுக் காலிப் பாட்டிலை நீட்டும். எதை நம்புவது என்றால், மாலையில் போகும் சிறுநீரின் நிறத்தை நம்புங்கள்.

பழக்கம் ஒட்டிக்கொள்ள இரண்டு மூன்று வாரமாவது பிடிக்கும். அதுவரை நீங்களும் பிள்ளை பார்க்க, அதே நேரத்தில் ஒரு டம்ளர் குடியுங்கள். பெரியவர்கள் ஃபோனைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கும் வீட்டில் பிள்ளை தண்ணீர் கேட்காது.

7. எந்தத் தண்ணீர்?

கார்ப்பரேஷன் தண்ணீரோ ஊராட்சித் தண்ணீரோ, நன்றாகக் கொப்பளிக்கும் வரை கொதிக்கவைத்து, அதற்குப் பிறகும் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, மூடியே ஆறவைத்தால் கிருமிகள் சாகும். சீரகமோ வெட்டிவேரோ போட்டால் சில பிள்ளைகள் விரும்பிக் குடிக்கும். மண்பானையில் வைத்தால் மே மாதத்திலும் ஃபிரிட்ஜ் தேவைப்படாது. பானைக்குள் கைவிட்டு மொள்ளாமல், பிடி வைத்த கரண்டியோ குழாய் வைத்த பானையோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கொதிக்கவைத்தால் எல்லாம் போய்விடும் என்று எண்ண வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கும். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகி ஃபுளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டினால் முளைக்கும் பற்களில் கறை விழும், போகப் போக எலும்பையும் பாதிக்கும். அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் குழாயைக் குடிக்கவும் சமைக்கவும் ஒதுக்கிவிட்டு, போரைத் துணிக்கும் பாத்திரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத்தில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். எந்தப் பாட்டிலில், எவ்வளவு எடுத்துவர வேண்டும் என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் சுத்திகரித்த பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும்.

கேன் தண்ணீர் என்றால் சீல், ஐ.எஸ்.ஐ. முத்திரை, தயாரித்த தேதி மூன்றையும் பாருங்கள். எங்கள் தெருவில் 20 லிட்டர் கேன் 40 ரூபாய். மூன்று பேர் வீட்டுக்கு மாதம் பத்துப் பன்னிரண்டு கேன் ஆகும். கேனைக் கவிழ்க்கும் குழாய்ப் பானையை வாரம் ஒருமுறையாவது தேய்த்துக் கழுவுங்கள்.

தண்ணீருக்குப் பதில் பத்து ரூபாய் ஜூஸ் பாக்கெட் வேண்டாம், கலர் வேண்டாம், டீயும் வேண்டாம். நீர்மோர், இளநீர், நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு, தர்பூசணி எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். மோரைப் பாட்டிலில் ஊற்றி அனுப்ப வேண்டாம், மதியத்துக்குள் புளித்து வாடை பிடிக்கும்.

8. எப்போது மருத்துவரிடம் போக வேண்டும், என்ன எடுத்துப் போக வேண்டும்

ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, வாய் காய்ந்து கண் குழி விழுந்திருக்கிறது, துவண்டு தூங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள் அல்லது அருகில் உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சந்தேகம் மட்டும் என்றால் 104 என்ற எண்ணில் அரசு மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.

வயிற்றுப்போக்கு, வாந்தி நாட்களில் வெறும் தண்ணீர் போதாது, ஓ.ஆர்.எஸ். வேண்டும். பெரிய பாக்கெட் என்றால் ஒரு பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் ஆறிய தண்ணீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாதிப் பாக்கெட்டை உத்தேசமாக டம்ளரில் கரைப்பது தப்பு. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, உறையைப் படித்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் பழச் சுவையோடு வரும் இனிப்புப் பானங்கள் அதுவல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் பாக்கெட் இலவசமாகவே கிடைக்கும்.

ஒன்னுக்குப் போகும்போது எரிகிறது என்று அழுதாலோ, சளி இருமல் இல்லாமல் காய்ச்சல் அடித்தாலோ, அடிவயிறு வலிக்கிறது என்றாலோ யூரின் டெஸ்ட் எழுதுவார்கள். ரொட்டீன் என்றால் தனியார் லேபில் 100, 200 ரூபாய்க்குள், அன்றே ரிசல்ட். கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) என்றால் 500 ரூபாய்க்கு மேல் ஆகும், இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அரசு மருத்துவமனையில் இரண்டுக்கும் காசு இல்லை. கல்ச்சருக்கு மாதிரி கொடுத்தபிறகுதான் ஆன்டிபயாடிக் முதல் டோஸ் கொடுக்க வேண்டும். வீட்டில் மிச்சம் இருந்த சிரப்பைக் கொடுத்துவிட்டுப் போனால் கல்ச்சரில் எதுவும் தெரியாமல் போகும், காசும் வீண். கழுவி, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் தந்த டப்பாவில் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துப் போங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: மூன்று நாள் நோட்டு, தடுப்பூசி அட்டை, பழைய பிரிஸ்கிரிப்ஷன்கள், இதற்கு முன் எடுத்த டெஸ்ட் ரிசல்ட். எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு வையுங்கள். ஆன்டிபயாடிக் எத்தனை நாள் எழுதினார்களோ அத்தனை நாளும் கொடுங்கள். காய்ச்சல் விட்டதென்று நடுவில் நிறுத்தாதீர்கள். மலச்சிக்கலுக்கு எழுதிய மருந்துக்கும் இதுவே. அது பல வாரம் ஓடலாம், எப்போது குறைக்க வேண்டும் என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

யு.கே.ஜி. போகும்போது வகுப்பறையும் மாறும், கழிப்பறையும் மாறும், சில சமயம் மாடிக்கே போய்விடும். ஜூன் முதல் வாரத்தில் நான்காவது படியில் சொன்னவற்றை மறுபடியும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாட்டிலின் ரப்பர் வளையத்தையும் அப்போதே மாற்றிவிடலாம்.